ஜெனித் தலையாட்டினான்

வேன் டிரைவர் மாரியப்பனைத் தெருவில் வைத்து அடித்த மறுவாரம் இசைவாணி சின்னப்பராஜின் வீட்டுக்கு வந்தாள். திண்டிவனத்தில், மயிலம் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு அது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "ஜெனித் வீடு இதானுங்களா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்றுதான் அவ்வளவு மெதுவாகக் கேட்கிறாள் என்பது ஜெனித்தின் அம்மா அமல்ராணிக்குப் புரிந்தது. அதற்காகவே அவளை உடனே உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள்.

"நான் போலீஸ் இல்லக்கா. வக்கீலும் இல்ல. இந்தக் கேஸ் முடியற வரைக்கும் ஜெனித்கூடவும் உங்ககூடவும் இருக்கறதுக்கு என்னைப் போட்டிருக்காங்க" என்றாள் இசைவாணி. முப்பது வயது இருக்கும். "வர்ற வியாழக்கிழமை விழுப்புரம் கோர்ட்டுல ஒரு மாஜிஸ்ட்ரேட் அம்மா ஜெனித்கிட்ட பேசுவாங்க. கூண்டு, கறுப்பு கோட்டு எதுவும் இருக்காது. தனி ரூம்தான். அதுக்கு அவனையும் உங்களையும் கொஞ்சம் தயார் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜெனித்தின் அப்பா சின்னப்பராஜ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். டூ வீலர் மெக்கானிக். விரல் நகங்களில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அந்த வாரம் முழுவதும் அவன் கடையைத் திறக்கவில்லை. ஆனாலும் அது போகவில்லை.

"இன்னும் இன்னா மேடம் கேக்கறது? அதான் புள்ள சொல்லிட்டானே."

இசைவாணி அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கறேன்ணா. இன்னியிலேருந்து அவன்கிட்ட அதைப் பத்தி நீங்க எதையும் கேக்க வேணாம். இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லுன்னு சொல்லிக் குடுக்கவும் வேணாம். அவனா ஏதாச்சும் சொன்னா கேட்டுக்கோங்க. 'யாரு', 'அப்பறம்'னு தோண்டாதீங்க. அவனுக்குத் தெரிஞ்சது அவன் வார்த்தையிலதான் வரணும்."

அவர்களுக்கு நடந்தது இதுதான்.

ஜெனித்துக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. அப்பா கடையிலிருந்தும், அம்மா வேலை பார்க்கும் ஜவுளிக் கடையின் பில்லிங் கவுண்டரிலிருந்தும் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். அதனால் பள்ளி வேன் சாயங்காலத்தில் ஜெனித்தை அடுத்த தெருவில், ஆனந்தராஜ் வீட்டில் இறக்கிவிடும். ஆனந்தராஜ் மனை வாங்கி விற்கும் தொழில் செய்பவர்; வீட்டின் முன்னறைதான் அலுவலகம். மனைவி வேலை முடிந்து இருட்டிய பிறகு வருவாள். சின்னப்பராஜுக்குக் கடை வைக்க இடம் பிடித்துக் கொடுத்ததும், கோயிலில் ஜெனித்தின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று குழந்தையைக் கையில் ஏந்தியதும் அவர்தான். ஜெனித் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவான்.

சில வாரங்களாக, பள்ளி விட்டதும் வேனில் ஏற மாட்டேன் என்று ஜெனித் அழுவதாக டீச்சர் சொல்லி அனுப்பினாள். அடம் என்று நினைத்தார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. சாப்பிட மறுத்தான். டாக்டர் பரிசோதித்துவிட்டு அமல்ராணியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். யாரோ ஒருத்தன் இந்தக் குழந்தையிடம் செய்யக்கூடாததைச் செய்திருக்கிறான் என்று அவர் சொன்னபோது, அந்த வாக்கியத்தில் பாதிதான் அவள் காதில் ஏறியது. 'ஆம்பளப் புள்ளையாச்சே' என்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. டாக்டர் தண்ணீர் கொடுத்தார். தம்ளர் கையில் இருந்தும் அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் சின்னப்பராஜ் மகன் முன்னால் மண்டியிட்டான். "யாருடா? சொல்லுடா! யாரு?" ஜெனித் தரையைப் பார்த்தான். "வேன்காரனா? அதனாலதான் வேன்ல ஏற மாட்டேன்னியா? வேன் மாமாதானே? சொல்லுடா!" தோளைப் பிடித்து உலுக்கினான்.

ஜெனித் தலையாட்டினான்.

சின்னப்பராஜ் முதலில் ஓடியது ஆனந்தராஜிடம்தான். மறுநாள் காலை, ஜெனித் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருக்க, வேன் வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. மாரியப்பனுக்கு ஐம்பது வயதுக்கு மேல். என்ன விஷயம் என்று கேட்கக்கூட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. கை முறிந்தது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடந்தார். புகார் எழுதக் கூடவே நின்றவர் ஆனந்தராஜ். விசாரிக்கச் சாதாரணப் புடவையில் வீட்டுக்கு வந்த எஸ்.ஐ. அன்புச்செல்வியிடம் ஜெனித் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு.

இசைவாணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஜெனித் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நின்றிருந்தான். அவனை வா என்று அவள் கூப்பிடவில்லை. பையிலிருந்து கலர் பென்சில்களை எடுத்து ஒரு மாட்டை வரைந்தாள். மாடு நாய் மாதிரி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஜெனித் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மாஜிஸ்ட்ரேட் அம்மாவுக்கு உன்னைப் பத்தி எதுவுமே தெரியாது. உனக்குத்தான் தெரியும். அவங்க கேக்கறது தெரிஞ்சா சொல்லலாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாம். புரியலன்னா புரியலன்னு சொல்லலாம். சரி, என் வீட்டு நாய்க்குப் பேரு இன்னா?"

ஜெனித் யோசித்தான். "டைகரா?"

"உனக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இன்னா சொல்லணும்?"

"தெரியலன்னு சொல்லணும்."

"அவ்ளோதான். இப்ப வேற. நான் தப்பா ஒண்ணு சொன்னா நீ 'இல்ல'ன்னு சொல்லணும்." அவள் குரல் மாறவில்லை. "உன் பேரு கோகுலகிருஷ்ணன்."

ஜெனித் தலையாட்டினான்.

"உனக்கு இருபது வயசு ஆவுது."

தலையாட்டினான்.

"நாம ரெண்டு பேரும் இப்பக் கப்பல்ல போய்க்கினு இருக்கோம்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கவனமாக, அதற்கும் தலையாட்டினான்.

சமையலறை வாசலில் டீயோடு நின்றிருந்த அமல்ராணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது. கையில் டீ தளும்பி விரலில் சுட்டது.

இசைவாணி சிரிக்கவில்லை. "நான் கப்பல்னு சொன்னப்ப நீ இன்னா நெனச்ச?"

"இல்லன்னா நீங்க கோச்சுப்பீங்கன்னு."

"நான் கோச்சுக்க மாட்டேன். அந்த அம்மாவும் கோச்சுக்க மாட்டாங்க. பெரியவங்க தப்பா சொன்னா தப்புன்னு சொல்லலாம். மறுபடி பாக்கலாமா? உன் பேரு கோகுலகிருஷ்ணன்."

"இல்ல." உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல."

"இல்ல."

"நாம கப்பல்ல போறோம்."

"இல்ல! இது எங்க வீடு!" என்று கத்தினான். கத்திவிட்டு, அடி விழுமோ என்பதுபோல அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அடி விழவில்லை. அதன் பிறகு அது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. பத்து நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் சிரிப்பு கேட்டது.

சின்னப்பராஜ் எழுந்து வெளியே போய்விட்டான்.

புறப்படும்போது கேட்டருகில் அமல்ராணி இசைவாணியை நிறுத்தினாள். "மேடம், எது கேட்டாலும் அவன் இப்பிடித்தான் தலையாட்டுவானா?"

"சின்னப் புள்ளைங்க நிறைய பேரு அப்படித்தான்க்கா. கேக்கறவங்க கோவமா இருந்தா இன்னும் ஜாஸ்தி." கேட் கொக்கியை விலக்கினாள். "இதுக்கு மேல நான் எதுவும் சொல்லக்கூடாதுக்கா. அன்னிக்கு அவன்கூட ஒருத்தர் உள்ள உக்காரலாம். அது யாருன்னு அவன்தான் சொல்லணும். அப்படி உக்கார்றவங்க நடுவுல பேசக்கூடாது, அழக்கூடாது. முகம்கூட மாறக்கூடாது. உங்க முகம் மாறினா அவன் அதோட நிறுத்திக்குவான்."

யார் வர வேண்டும் என்று அன்று சாயங்காலம் அமல்ராணி ஜெனித்தைக் கேட்டாள். "நீ மட்டும்" என்றான்.

மறுநாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். சின்னப்பராஜ் கடையைத் திறந்து ஒரு வண்டியைக் கழற்றிப் போட்டிருந்தான். அவள் மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, நேத்து அந்தப் பொண்ணு கப்பல்னு சொன்னதுக்குக்கூட தலையாட்டினானே. அன்னிக்கு நீங்க கேட்டப்பவும்..."

ஸ்பேனர் தரையில் விழுந்தது. "அப்ப நான் ஒண்ணுந் தெரியாதவனைப் போட்டு அடிச்சேன்னு சொல்றியா?"

"நான் அப்பிடி சொல்லல."

"பின்ன? வேன்ல ஏற மாட்டேன்னு அழுதானா இல்லியா?"

அழுதான். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். அந்த இரண்டு நாட்களும் கவுண்டரில் பில் போட்டுக்கொண்டே முகத்தைப் பழக்கினாள். எதிரில் நிற்பவர்கள் என்ன பேசினாலும் உதடு, புருவம் எதுவும் அசையாமல் வைத்துப் பார்த்தாள். "இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கூட வேலை செய்யும் பெண் கேட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆனந்தராஜ் வந்தார். ஜாங்கிரிப் பெட்டியை ஜெனித்தின் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நாளைக்கு நம்ம கார்லயே போயிடலாம் சின்னப்பா. புள்ளைய எதுக்கு பஸ்ல இட்டுக்கினு போய் பேஜாரு." பிறகு ஜெனித்தின் முட்டியில் தட்டினார். "தெகிரியமா சொல்லணும். யாருன்னு கேட்டா வேன் மாமான்னு சொல்லணும். சொல்லுவியா?"

ஜெனித் தலையாட்டினான். பெட்டியைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தியிருந்தான்.

"அப்பிடியெல்லாம் சொல்லிக் குடுக்கக்கூடாதாம்ண்ணா" என்றாள் அமல்ராணி.

"நம்ம புள்ளைக்கு நாம சொல்லிக் குடுக்காம வேற யாரும்மா சொல்லிக் குடுப்பாங்க?"

கோர்ட் என்றால் பிள்ளைக்குப் பயம் இருக்கத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காலையில் வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. சின்னப்பராஜ் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பின் கதவு திறந்திருந்தது. ஜெனித் கேட்டைத் தாண்டவில்லை.

"ஏறுடா, ஜல்தி" என்றான் சின்னப்பராஜ்.

"இல்ல."

"இன்னா இல்ல?"

"இல்ல. நான் இந்தக் கார்ல வரல."

ஆனந்தராஜ் இறங்கி வந்தார். "என் தங்கம் இல்ல" என்று தூக்கக் கையை நீட்டினார். ஜெனித் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அமல்ராணியின் காலில் வெதுவெதுவென்று ஈரம் இறங்கியது. குழந்தை நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். அவள் நிமிர்ந்தாள். ஆனந்தராஜ் குழந்தையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்குப் புரிந்துவிட்டதா என்று தேடுகிற பார்வை. அது ஒரு நொடிதான். உடனே சிரித்துவிட்டார். ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

தெரு, கார், கார் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை எல்லாம் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தன. தன் குரலே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"நீங்க முன்ன போங்க. இவனுக்கு டிராயர் மாத்தி நாங்க பஸ்ல வர்றோம்."

"அமலா, ஏய்..."

"பஸ்ல வர்றோம்னு சொன்னேன்."

பஸ்ஸில் வருவதாகப் போனில் சொன்னதும் இசைவாணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்திருந்தாள். அமல்ராணி அவள் கையை இறுகப் பற்றினாள். "மேடம், இவன் காலையில..."

இசைவாணி ஜெனித்தை ஒரு பார்வை பார்த்தாள். "அக்கா, இவன் முன்னாடி எதுவும் வேணாம். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க. அவன் சொல்லட்டும்."

விழுப்புரம் பஸ்ஸில் இசைவாணி முன்னால் உட்கார்ந்தாள்; அமல்ராணி ஜெனித்தை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். கேட்கக்கூடாது. அந்த ஒரே கேள்வி வாய்க்குள் நின்றுகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் விழுந்துவிடும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். மகனின் முடியைக் கோதினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது ஒருத்தி அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டு வந்தாள். ஜெனித் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கடலையாக உரித்துத் தின்றான்.

"ம்மா, வேன் மாமா ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?"

அவள் திரும்பினாள்.

"காலைல பாட்டு போடுவாரு. என்னை முன்னாடி உக்கார வெப்பாரு. ஏன் வர்றதில்ல?"

"தெரியலடா" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை.

பஸ் புறப்பட்டது. அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. காலையில் அவன் ஒருநாளும் அழவில்லை; ஓடிப் போய்த்தான் வேனில் ஏறுவான். சாயங்காலம்தான் அழுதான். வேன் அதேதான். டிரைவரும் அதே ஆள்தான். சாயங்காலத்தில் வேன் போய் நிற்கும் இடம் மட்டும்தான் வேறு. டீச்சர் சொல்லி வாராவாரம் கேட்டிருந்தும், காலை, சாயங்காலம் என்று ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லையே. பக்கத்து சீட்டுக்காரம்மா, "வாந்தி வருதாம்மா?" என்று கேட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். அதை முகர்ந்துகொண்டே விழுப்புரம் வரை வந்தாள்.

கோர்ட்டின் பின்புறம் ஒரு சிறிய அறை. பிளாஸ்டிக் மேஜை, கலர் பென்சில், ஒரு மின்விசிறி. சாதாரணப் புடவை கட்டிய அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டே, "வா கண்ணா. கூட யாரு இருக்கணும்?" என்று கேட்டாள்.

"அம்மா."

அமல்ராணி சற்றுத் தள்ளிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாஜிஸ்ட்ரேட் முதலில் பள்ளியைப் பற்றி, மதிய உணவைப் பற்றிப் பேசினாள். நடுவில், "உன் பேரு முத்துசாமிதானே?" என்று கேட்டாள்.

"இல்ல. ஜெனித்."

"ஓ, ஜெனித். நான் தப்பா சொன்னா இந்த மாதிரி சொல்லணும். சரி, உனக்கு எதனால உடம்பு சரியில்லாம போச்சு? உனக்குத் தெரிஞ்சத சொல்லு. நான் அவசரப்படுத்த மாட்டேன்."

அவசரப்படுத்தவில்லை. மின்விசிறி சுற்றியது. ஜெனித் ஒரு பச்சைப் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஸ்கூல் வுட்டா வேன் மாமா என்னைப் பெரியப்பா வீட்டுல வுட்டுட்டுப் போயிடுவாரு" என்று ஆரம்பித்தான். "பெரியம்மா லேட்டாதான் வருவாங்க. பெரியப்பா கதவச் சாத்திடுவாரு."

பிறகு சொன்னான். தனக்குத் தெரிந்த சின்னச் சின்ன வார்த்தைகளில், நடுநடுவே நிறுத்தி, பென்சிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒரு குழந்தைக்கு அந்த விஷயங்களுக்கெல்லாம் வார்த்தை இருக்கக் கூடாது. அவனிடமும் பாதிக்கு வார்த்தை இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னான்.

"எந்தப் பெரியப்பா?"

"ஆனந்தராஜ் பெரியப்பா. கோயில்ல என்னைத் தூக்கினவரு. போட்டோல இருப்பாரு."

காலையில் கார் வந்து நின்றபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் அது உறுதியாகியும் விட்டது. இருந்தும் மகன் வாயால் அந்தப் பெயர் வந்தபோது, அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல அவள் உடம்பு தூக்கிப் போட்டது. முகத்தை அசைக்கவில்லை. ஜெனித் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் மறுபடி மாஜிஸ்ட்ரேட் பக்கம் திரும்பினான். உதட்டின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டிருந்தது, வாயில் ரத்தம் கரித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வேன் மாமா பத்தி ஏதாச்சும் சொல்லணுமா?"

"அவரு ஒண்ணும் பண்ணல. அப்பா வேன் மாமாவான்னு கேட்டாரு. கத்தினாரு. நான் ஆமான்னு தலையாட்டினேன்." யோசித்தான். "தலையாட்டினதும் கத்தறத நிறுத்திட்டாரு."

மாஜிஸ்ட்ரேட் அதையும் எழுதிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, வெளிய சொன்னா எங்கப்பாவை ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பெரியப்பா சொன்னாரு. போடுவீங்களா?"

"நீ இங்க சொன்னதுக்காக உங்க அப்பாவை யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க. நீ ஒரு தப்பும் பண்ணல."

வெளியே வந்ததும் இசைவாணி ஜெனித்தைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். எஸ்.ஐ. அன்புச்செல்வி உள்ளே போனார். அமல்ராணி வராந்தாவுக்கு வந்தாள். எதிரே வேப்பமரத்தடியில் கார் நின்றது. சின்னப்பராஜும் ஆனந்தராஜும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நேராக நடந்து போனாள்.

"நல்லா சொன்னானாம்மா?" என்று கேட்டான் ஆனந்தராஜ்.

"நல்லா சொன்னான்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கப்பை மரத்தடியில் வைத்தான். அது சாய்ந்து டீ கொட்டியது. "ஒரு பார்ட்டி வெயிட் பண்ணிக்கினு இருக்காங்க சின்னப்பா, நான் கிளம்பறேன்" என்று சொல்லிக்கொண்டே கார் கதவைத் திறந்தான். சின்னப்பராஜ், "நாங்களும் வர்றோம்ண்ணா" என்று எழுந்தான். அமல்ராணி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"அந்தக் கார்ல ஏறாதீங்க."

கார் போன பிறகு சொன்னாள். நின்றுகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். சின்னப்பராஜ் முதலில், "போடீ" என்றான். கொஞ்சம் சிரித்தான்கூட. பிறகு அவளைப் பார்த்தான். கார் போன திசையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். கோர்ட் கேட் வரை ஓடினான். சாலையில் லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும் போய்க்கொண்டிருந்தன. அங்கேயே, நடைபாதையில், மனிதர்கள் சுற்றிக்கொண்டு போகும்படி உட்கார்ந்துவிட்டான்.

அவள் பக்கத்தில் வந்தபோது அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் புடிச்சிக்கினான் அமலா. மாரியப்பனைப் பின்னாலேருந்து அவன்தான் புடிச்சிக்கினான். நான் அடிச்சேன். 'அடி, வுடாத'ன்னு காதுகிட்ட சொல்லிக்கினே இருந்தான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. அன்று முழுவதும் வரவில்லை.

அன்று மாலையே ஆனந்தராஜை அவனுடைய மச்சான் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். மாரியப்பன் வெளியே வர மேலும் சில நாட்கள் ஆயின. அவரைப் பிடித்த வேகம் விடுவதில் இல்லை. ஜெனித்தை வாரம் ஒருமுறை விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னார்கள். சில நாட்கள் நன்றாக விளையாடினான். சில நாட்கள் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே சுவரோரம் ஒண்டிக்கொண்டான். அமல்ராணி கடையில் கேட்டு, பள்ளி விடும் நேரத்துக்குள் முடிகிற ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். சின்னப்பராஜ் மகனிடம் பேசும்போதெல்லாம் இப்போது தரையில் உட்கார்ந்துதான் பேசினான். சத்தம் போட்டால் தன் குரலுக்கே பயந்தான்.

மாரியப்பன் வீடு ஏரிக்கரைப் பக்கம். ஒரு சனிக்கிழமை சின்னப்பராஜும் அமல்ராணியும் போனார்கள். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் அவர் மனைவி அம்சா. உள்ளே கட்டிலில், கட்டுப்போட்ட கையோடு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த முதுகு தெரிந்தது.

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன். மன்னிப்புக் கேக்க..." என்று ஆரம்பித்தான் சின்னப்பராஜ்.

"எங்ககிட்ட இன்னாத்துக்குக் கேக்கற?" என்றாள் அம்சா. "அவரு பண்ணலன்னு எங்களுக்குத் தெரியாதா? போலீஸ் சொல்லித்தான் தெரிஞ்சிக்கணுமா? எங்க ஊட்டுல அழுவறதுக்கு வந்துட்டியா? டீக்கடைக்குக்கூடப் போவ மாட்டேங்கறாரு மனுசன். வேன வித்துடச் சொல்றாரு. அடிச்சியே, அந்தத் தெருவுக்குத்தான் இன்னும் தெரியல. அங்க போய்ச் சொல்லு."

உள்ளேயிருந்த முதுகு அசையவில்லை. அம்சா கதவைச் சாத்தினாள்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து தெருவில் ஆட்கள் நின்றுகொண்டிருந்த நேரம். ஜெனித்தை அமல்ராணியின் தங்கை சகாய பிரியா வீட்டில் விட்டிருந்தார்கள். "புள்ளையப் பத்தி ஒரு வார்த்தையும் வேணாம்" என்று மட்டும் அமல்ராணி சொன்னாள். வேன் நின்ற அதே இடத்தில் போய் நின்றான் சின்னப்பராஜ். அவள் பக்கத்தில் நின்றாள்.

எதிர்வீட்டு இனியவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்று அடித்ததைப் போனில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியவன் அவன். திண்டிவனம் முழுக்க, மாரியப்பனின் சொந்த ஊர் மேல்மலையனூர் வரை அது போயிருந்தது.

"இனியா, போனை எடு" என்றான் சின்னப்பராஜ். "அன்னிக்கு எடுத்தியே. இதையும் எடுத்து அவங்க எல்லாருக்கும் அனுப்பு."

இனியவன் சுற்றிலும் பார்த்தான். அன்று கைவைத்தவர்களில் ஒருவர் பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். மற்றவர்கள் நின்றார்கள். இனியவன் போனை உயர்த்தினான்.

"நான் சின்னப்பராஜ். டூ வீலர் மெக்கானிக். வேன் ஓட்டற மாரியப்பன் எந்தத் தப்பும் பண்ணல. அவரு மேல நான் சொன்னது பொய். யாரும் என்கிட்ட அப்பிடிச் சொல்லல, நானா முடிவு பண்ணிக்கினேன். அவரு கையை முறிச்சது நான். இந்த இடத்துலதான் முறிச்சேன். அதுக்கு என் மேல கேஸ் போடச் சொல்லி ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன்."

முடித்துவிட்டான். இனியவன் போனைப் பார்த்தான்.

"ண்ணா, பட்டனை சரியா அழுத்தலண்ணா. ரெக்கார்டு ஆவல."

சின்னப்பராஜ் வேட்டியில் கைகளைத் துடைத்துக்கொண்டான். அமல்ராணி அவனுக்கு இன்னும் நெருக்கமாக வந்து நின்றாள்.

"சரி, அழுத்து" என்றான். மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.